ஆத்திக்குடி மேடு

யுத்த காலத்தில் விமானங்கள் இறங்குவதற்கென்று தெற்குச் சீமையின் கரிசல் காட்டில் ஓர் ஓடுதளம் போட்டார்கள். யுத்தம் முடிந்தது. விமானங்களைக் கொண்டுபோனவர்கள் ஓடுதளத்தைக் கொண்டுபோக மறந்துவிட்டார்கள். சித்திரை வெயிலில் தார் இளகிக் கிடந்த நேரத்தில் அவசரமாகப் புறப்பட்ட ஒரு விமானத்தின் நிழல் மட்டும் தாரில் ஒட்டிக்கொண்டு கிளம்ப முடியாமல் நின்றுவிட்டது என்றும், அதன் இறக்கைக்குள் இன்றைக்கும் ஆடுகள் ஒதுங்கிப் படுக்கின்றன என்றும் சொல்வார்கள். ஆடுகள் படுப்பது உண்மை.

ஓடுதளத்தின் மேற்குக் கோடியில் ஒரு தகரக் கொட்டகை. அதில்தான் குரு இருந்தார். பெயர் உலகம்மை. வயது நாற்பத்தொன்று. ஒரு காலத்தில் சின்ன விமானத்தின் வயிற்றில் குப்புறப் படுத்துக்கொண்டு பூமியைப் படம் எடுத்தவர். பிறகு விமானத்தை விட்டார். படத்தை விடவில்லை. மேலிருந்து எடுத்த படம் ஒன்றைக் கையில் கொடுத்தால் எந்த வீட்டில் ஆள் இருக்கிறது, எந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒருமுறை ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, மூன்றாவது வீட்டு மாடியில் காயப்போட்ட வத்தலை எடுக்கச் சொல்லுங்கள், மழை வரப்போகிறது என்றாராம். படம் எடுத்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. வத்தலுக்குச் சொந்தக்காரியைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது, அந்த வருஷம் நனைந்தது வாஸ்தவம்தான் என்று ஒத்துக்கொண்டாள்.

அவரிடம் படம் வாசிக்கப் படித்த சீடர்கள் எல்லோரும் அவரைவிட மூத்தவர்கள். அதில் ஒருவர் பிச்சைக்கனி. ஐம்பத்தேழு வயது. நில அளவை அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷமாகப் படம் வாசிக்கிற உத்தியோகம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவு போட்டுவிட்டு வந்து நாற்பது நாள் குருவிடம் இருந்தார். கிளம்பும்போது, அம்மா ஒன்றுமே சொல்லித் தரவில்லையே என்று கேட்டார். மறுபடியும் வருவீர்கள் என்று மட்டும் குரு சொல்லி அனுப்பினார்.

புரட்டாசியில் ஒரு நாள் முற்பகல் அவர் மறுபடியும் வந்தார். கக்கத்தில் சுருட்டிய படம். முகம் கொதித்துக் கிடந்தது. பேருந்து இரண்டு மைல் தள்ளியே நின்றுவிடும். அந்த இரண்டு மைலையும் திட்டிக்கொண்டே நடந்து வந்திருந்தார்.

"அம்மா, எனக்கு ஒரு நியாயம் சொல்லணும்."

"உக்காருங்க அண்ணாச்சி. தண்ணி குடிங்க."

தண்ணீரைக் குடிக்கவில்லை. செம்பைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார்.

ஆத்திக்குடி என்று ஓர் ஊர். ஓடைக்கரையில் நாற்பது வீடு. போன ஐப்பசியில் ஓடை பெருகி வீடுகளுக்குள் வந்தது. பதினொரு வீட்டுச் சுவர் கரைந்துபோனது. அரசாங்கம் மனமிரங்கி, மேட்டு நிலமாகப் பார்த்து நாற்பது வீடு கட்டித் தருவதாகச் சொன்னது. மேடு எங்கே என்று கண்டுபிடிக்கிற வேலை பிச்சைக்கனிக்கு வந்தது. அவர் படத்தைப் பார்த்தார். ஊருக்குக் கிழக்கே, ஓடைக்குப் பக்கத்திலேயே, தட்டைக் கவிழ்த்து வைத்தாற்போல வட்டமாக ஒரு மேடு. சிவப்பு மையில் வட்டம் போட்டார். வட்டத்துக்குள் ஸ்கேல் வைத்து நாற்பது கட்டம் போட்டார்.

ஊர்க்காரர்கள் அது பள்ளம் என்கிறார்கள்.

இதில் கோபப்பட என்ன இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதானே என்று கேட்கலாம். அந்த அலுவலகத்தில் அப்படிப் போக முடியாது. படம் வாசிக்கிறவர் இடத்துக்குப் போகக் கூடாது என்பது விதி. முன்னொரு காலத்தில் ஒரு வாசிப்பாளர் ஓர் ஊருக்குப் போனார். நாட்டுக்கோழிக் குழம்பு வைத்துப் போட்டார்கள். அவர் திரும்பி வந்த மறுநாள் படத்திலிருந்து ஒரு குளம் காணாமல் போய், அந்த இடத்தில் வீட்டு மனைகள் முளைத்தன. அன்றிலிருந்து இந்த விதி. இடத்துக்குப் போகிற ஆளுக்கு வேறு விதி. அவர் படத்தைப் பார்க்கக் கூடாது. இப்படி ஒருவரால் ஒருவர் கெட்டுப்போகாமல் அந்த அலுவலகம் இரண்டு பேரையும் காப்பாற்றி வந்தது.

ஆத்திக்குடிக்கு முளையடிக்க இடம் பார்க்கப் போன ஆள், சரிவில் இறங்கி, பள்ளத்தின் நடுவில் நின்று, நாலு பக்கமும் அண்ணாந்து பார்த்திருக்கிறார். கையிலிருந்த காகிதத்தில் 'மேடு' என்று இருந்தது. 'மேட்டின் மேல் ஏறி நின்று பார்வையிட்டேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். உத்தியோகம் முக்கியமல்லவா.

ஆகவே ஊர்க்காரர்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஒவ்வொருவராக வந்தவர்கள் ஓய்ந்துபோனார்கள். சீனித்தாய் என்று ஒரு பெண்பிள்ளை மட்டும் ஓயவில்லை. ஆடு வளர்க்கிறவள். கரைந்த பதினொரு வீட்டில் ஒன்று அவளுடையது. மூன்று நாள் தொடர்ந்து வந்து பிச்சைக்கனியின் மேசைக்கு எதிரே நின்றாள். அந்தப் பள்ளத்தில் மார்கழி முடிகிற வரைக்கும் மார்மட்டுக்குத் தண்ணீர் நிற்கும் என்றாள். படம் பொய் சொல்லாது என்று இவர் சொன்னார். மூன்றாம் நாள் அவள் ஒரு வார்த்தை சொன்னாள். மொத்த அலுவலகமும் சிரித்தது.

"என்ன சொன்னாங்க?" என்றார் குரு.

பிச்சைக்கனி செம்பைக் கீழே வைத்தார்.

"'அவ்வளவு நல்ல மேடுன்னா உங்க ஆபீசைக் கொண்டுபோய் அதுல கட்டுங்க சார், நாங்க வருஷா வருஷம் வந்து உங்களைப் பரிசல்ல ஏத்திக் கூட்டிட்டு வாறோம்'னா."

குரு சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்காகக் கூரையைப் பார்த்தார் என்று தெரிந்தது.

மேலதிகாரிக்கும் விஷயம் போய்விட்டது. இரண்டாவது வாசிப்பாளர் ஒருவர் படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது, திங்கட்கிழமை முளையடித்துவிடலாம் என்று அவர் சொல்லிவிட்டார். அந்தக் கையெழுத்துக்காகத்தான் பிச்சைக்கனி வந்திருந்தார். குருவே போட்டுக் கொடுத்துவிட்டால் அதற்கு மேல் யார் பேச முடியும்?

"சரி, கேள்வி என்ன அண்ணாச்சி?"

"மேலேருந்து எல்லாத்தையும் பார்த்தவனை, கீழ நின்னு ஆட்டைத் தவிர ஒன்னும் பார்க்காதவ பொய்யன்னு சொன்னா, அவன் என்ன செய்யணும்?"

குரு பதில் சொல்லுமுன் வாசலில் ஆள் நிழல் விழுந்தது. அடுத்த பேருந்தைப் பிடித்து சீனித்தாய் வந்து சேர்ந்திருந்தாள். சார் கையெழுத்து வாங்கப் போயிருக்கிறார் என்று அலுவலகக் காவலாளி சொல்லிவிட்டானாம்.

"சாரு இங்கதான் இருக்காகளா? நல்லதாப் போச்சு," என்றவள் குருவைப் பார்த்துக் கும்பிட்டாள். "தாயி, நீங்கதான் கையெழுத்துப் போடப் போறதுன்னாக. போடுறதுக்கு முன்ன ஒரே ஒரு பேச்சு. நான் நீச்சல் படிச்சதே இவுக சொல்ற அந்த மேட்டுலதான்."

"பாத்தீங்களா அம்மா பேச்சை," என்றார் பிச்சைக்கனி.

குரு இருவரையும் உட்காரச் சொன்னார். கொட்டகையின் நடுவில், பழைய விமானம் ஒன்றின் கதவை நாலு கல்லின்மேல் வைத்து மேசையாக்கியிருந்தார்கள். பிச்சைக்கனி அதற்கு ஒரு பக்கம் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சீனித்தாய் உட்கார மறுத்துவிட்டு அவருக்கு நேர் எதிரே போய் நின்றுகொண்டாள். மூன்று நாள் அப்படி நின்று பழகிய கால்.

"சாப்டீங்களா?"

இருவரும் சாப்பிட்டிருக்கவில்லை.

குரு ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தார். இருவருக்கும் நடுவில் மேசையில் வைத்தார்.

"இதுல என்ன தெரியுது அண்ணாச்சி?"

பிச்சைக்கனிக்கு இந்த நேரத்தில் பாடம் படிக்கப் பொறுமை இல்லை. இருந்தாலும் குரு கேட்கிறார். குனிந்து பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது.

"பணியாரம். நடுவுல ஒன்னு, சுத்தி ஆறு. நல்லா உப்பியிருக்கு. லேசாக் கருகிடுச்சு, பரவால்ல."

"உங்களுக்கு?"

சீனித்தாய் நின்ற இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தாள். "வெறுஞ்சட்டில்லா இருக்கு. பணியாரச் சட்டி. ஏழு குழி. ஒன்னுலயும் மாவு ஊத்தல."

பிச்சைக்கனி முக்காலியை விட்டு எழுந்துவிட்டார். இவளுடைய சங்கதி இதுதான் என்று குருவிடம் முறையிட்டார். மேடு என்று ஒன்று இருக்கக் கூடாது இவளுக்கு. எது உப்பியிருந்தாலும் பொறுக்காது. பணியாரத்தைக்கூடக் குழி என்கிறவளிடம் ஓர் உத்தியோகஸ்தன் எப்படித்தான் மல்லுக்கட்டுவது?

"உங்களுக்குக் கண்ணு மங்கலு சார்," என்றாள் சீனித்தாய். "பசியில அடைச்சிருக்கும்."

குரு உள்ளே போய் ஒரு பணியாரச் சட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஏழு குழி. கழுவிக் கவிழ்த்திருந்ததன் ஈரம் இன்னும் காயவில்லை.

பிச்சைக்கனி சட்டியைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். குருவின் வாயைப் பார்த்தார்.

"அப்ப, தின்னது யாரு?"

"யாரும் தின்னல. சுடவே இல்ல. மாவு இன்னும் புளிக்கலை."

பசித்து வந்தவனிடம் இது என்ன விளையாட்டு என்று அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படத்தைப் பிடுங்கப் போனார். குரு அதன்மேல் கையை வைத்தார்.

"படம் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். நீங்க அந்தப் பக்கம் போய் நின்னு பாருங்க."

"அந்தப் பக்கமா?"

"ஆமா. அவங்க பக்கம்."

அவர் போனார். சீனித்தாய் ஒதுங்கி இடம் விடவில்லை. அவளுக்கும் சுவருக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நின்று, குனிந்தார்.

ஏழு குழி. வெறும் சட்டி.

திரும்ப முக்காலிக்கு ஓடினார். ஏழு பணியாரம். மறுபடி எதிர்ப்பக்கம். குழி. மறுபடி முக்காலி. பணியாரம். இப்படிப் பதினேழு தரம் மேசையைச் சுற்றினார். கொட்டகையின் மண்தரையில் அன்று விழுந்த தடத்தில் மழைக்காலத்தில் வாய்க்கால் மாதிரித் தண்ணீர் ஓடும் என்று பின்னால் வந்த சீடர்கள் சொல்வார்கள்.

பதினெட்டாவது தரம் எதிர்ப்பக்கத்திலேயே நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது.

"சொல்லுங்க அண்ணாச்சி. படத்துல வெளிச்சம் எந்த ஓரத்துலேருந்து வருது?"

அவர் விரலால் நிழல்களைத் தடவிப் பார்த்தார். எத்தனை கோபம் இருந்தாலும் தொழில் தெரிந்த விரல்.

"இங்க நின்னு பாத்தா மேல் ஓரத்துலேருந்து. அங்க உக்காந்து பாத்தா, கீழ் ஓரத்துலேருந்து."

"கீழேருந்து வந்தா?"

"கண்ணு ஒத்துக்காது." அவர் குரல் இறங்கியது. "மேலேருந்துதான் வந்திருக்கும்னு அதுவா முடிவு பண்ணிக்கிடும். அப்படி முடிவு பண்ணிட்டா நிழல் இருக்க வேண்டிய பக்கத்துல வெளிச்சமும், வெளிச்சம் இருக்க வேண்டிய பக்கத்துல நிழலும் வந்துடும். அதைச் சரிக்கட்டக் குழியைத் தூக்கிக் குமிழாக்கிடும்."

குரு சட்டியை எடுத்துக் கீழே வைத்தார்.

"உங்க படத்தை விரிங்க."

பிச்சைக்கனி முக்காலிப் பக்கம் வந்து, கக்கத்திலிருந்த சுருளை விரித்தார். அலுவலகத்தில் வைக்கிறபடியே வடக்கு மேலே இருக்கும்படி வைத்தார். வேறு எப்படியும் வைக்க அவருக்குத் தெரியாது. அங்கே ஒவ்வொரு படத்தையும் அப்படித்தான் மேசையில் வைத்து நாலு மூலையிலும் ஆணி அடிப்பார்கள். வாசிக்கிறவர் நாற்காலி தெற்கு ஓரத்தில். மனு கொடுக்க வருகிறவர்கள் நிற்பது வடக்கு ஓரத்தில். முப்பது வருஷத்தில் நாற்காலியும் நகர்ந்ததில்லை, நிற்கிறவர்களும் நகர்ந்ததில்லை.

"எப்ப எடுத்தது?"

"வெள்ளத்துக்கு முந்தின தை மாசம். வானம் தெளிவா இருக்கும்னு எப்பவும் தை, மாசியிலதான் விமானத்தை அனுப்புவாங்க."

"நேரம்?"

"காலையில பத்தரை."

"தை மாசம் காலை பத்தரைக்குச் சூரியன் எங்க இருக்கும்?"

"தென்கிழக்க."

"வெளிச்சம்?"

"தெக்கேருந்து."

"படத்துல தெக்கு எங்க?"

"கீழ," என்றார் பிச்சைக்கனி.

சொன்ன வாய் அப்படியே நின்றது.

மெல்ல எழுந்து, யாரும் சொல்லாமலே, மேசையைச் சுற்றிக்கொண்டு சீனித்தாய் பக்கத்தில் போய் நின்றார். குனிந்தார். அவர் கையால் போட்ட சிவப்பு வட்டத்துக்குள் மேடு இல்லை. கவிழ்த்த தட்டு நிமிர்ந்து கிண்ணமாகக் கிடந்தது. ஓடை அதன் விளிம்பில் வாயை வைத்துக்கொண்டு காத்திருந்தது. கிண்ணத்தின் அடியில், வரிசை பிசகாமல், ஸ்கேல் வைத்துப் போட்ட நாற்பது வீடு.



வேறொரு ஊர் அவர் ஞாபகத்துக்கு வந்தது. அங்கேயும் மேடு என்று அவர்தான் எழுதிக் கொடுத்தார். அதில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாத்தியார் ஓட்டின்மேல் உட்கார்ந்து வருகைப் பதிவு எடுக்கிறார், கெண்டை மீன்களும் உள்ளேன் ஐயா சொல்கின்றன என்று ஒரு மனு வந்தது. பொறாமை என்று எழுதி அதை மூடினார். இன்னொரு ஊரில் ரேஷன் கடை. அந்த மனுவை அவர் படிக்கவேயில்லை.

துக்கம் வர வேண்டிய இடத்தில் மறுபடியும் கோபம்தான் வந்தது. ஆணி அடித்தவன்மேல், நாற்காலி போட்டவன்மேல், தை மாசத்தில் விமானம் அனுப்பியவன்மேல், கோழிக்குழம்பு தின்று விதியை உண்டாக்கிய அந்த முன்னோர்மேல் எல்லாம் வந்தது. எல்லா மாசமும் ஒரே பக்கம் நிற்கத் தெரியாத சூரியன்மேலும் வந்தது. விலாசம் மட்டும் தெரிந்திருந்தால் அதற்கும் விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் அனுப்பியிருப்பார்.

"படம் என்னை ஏமாத்திடுச்சு அம்மா. முப்பது வருஷமா ஏமாத்தியிருக்கு. அப்படித்தான் அறிக்கையில எழுதப் போறேன்."

 சீனித்தாய்தான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"படமா ஏமாத்துச்சு? மூணு நாள் உங்க மேசைக்கு எதிர நின்னேன் சார். உங்க படத்துலதான் விரலை வச்சுக் காட்டினேன். இந்தா குழி தெரியுது பாருங்க, இந்தா சரிவு தெரியுது பாருங்கன்னேன். எனக்கு முன்ன வந்தவுகளும் அதைத்தான சொன்னாக. விரலை எடும்மா, படம் அழுக்காயிரும்னீக."

பிச்சைக்கனி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பது வீட்டு சனம் சொன்னா அது பள்ளமில்ல. ஒரு பணியாரச் சட்டி சொன்னா பள்ளமா?"

"எந்திரிச்சு அந்தப் பக்கம் வந்து பாக்குற வழக்கம் எங்க ஆபீசுல இல்லம்மா," என்றார் அவர்.

"நாலு எட்டு சார். நாங்க ஏழு மைல் நடந்து வந்தோம்."

 முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படத்தில் தன் வீடு இருந்த இடத்தைத் தேடத் தொடங்கினாள். படம் எடுத்தபோது அது நின்றுகொண்டிருந்தது. கூரை தெரிந்தது.

பிச்சைக்கனி பையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். முக்காலிக்குத் திரும்பிப் போகாமல், நின்ற இடத்திலேயே குனிந்து எழுதினார். 'ஆத்திக்குடிக்குக் கிழக்கே மேடு எனக் குறிக்கப்பட்டது பள்ளம். நீர் நிற்கும். வீடு கட்டத் தகாது. முளையடிக்கக் கூடாது.' ஒரு முறை படித்துப் பார்த்தார். படம் ஏமாற்றியதாக எதுவும் எழுதவில்லை.

படிவத்தின் அடியில் இரண்டு கோடுகள். மேலே முதல் வாசிப்பாளர். கீழே இரண்டாம் வாசிப்பாளர்.

வழக்கம்போல மேல் கோட்டில் தன் பெயரை எழுதப் பேனாவை வைத்தார். பிறகு ஞாபகம் வந்தவராக, கீழ்க் கோட்டைக் காட்டிப் படிவத்தைக் குருவிடம் நீட்டினார்.

"நீங்க முதல்ல போட்டுடுங்க அம்மா. இது இல்லாம மேல ஒத்துக்க மாட்டாங்க. திங்கட்கிழமை முளையடிச்சிடுவாங்க."

குரு படிவத்தை வாங்கவில்லை.

"நான் இதை இன்னும் வாசிக்கலையே அண்ணாச்சி. முதல்ல வாசிச்சது அவங்க. பேனாவை அவங்ககிட்ட குடுங்க, மேல போடட்டும். நீங்க இப்பதான வாசிச்சீங்க. கீழ போடுங்க."